வேலை மாறலாம், விசா மாறுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு வேலை பற்றி அரை மணி நேரம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். எப்படிப் போவது என்று சொல்ல நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். போன இடத்தில் முதலாளியை மாற்ற நினைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 2010-ல் இந்த வாசலைத் தாண்டிப் போன எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கம்பத்தில் எங்கள் தெருமுனைக்கு விடியற்காலையிலேயே ஜீப் வந்துவிடும். கம்பம்மெட்டு வழியாக மலை ஏறி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும். என் அம்மா இருபது வருடம் அந்த ஜீப்பில் போனவர். ஒரு தோட்டத்தில் கூலி கட்டுபடியாகவில்லை, கங்காணி சரியில்லை என்றால், மறுநாள் வேறு ஜீப்பில் ஏறிவிடுவார். அவ்வளவுதான் வேலை மாற்றம். நானும் உலகம் பூராவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். 2015 அக்டோபரில் அவர்களுடைய அமெரிக்கக் கிளைக்கு அனுப்பினார்கள். கொடுத்தது எல்-1பி விசா. ஒரே நிறுவனத்துக்குள் ஒரு நாட்டுக் கிளையிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளைக்கு மாற்றப்படுகிறவருக்கு உரியது அது. முந்தைய 3 ஆண்டுகளில் தொடர்ந்து 1 ஆண்டாவது அந்த நிறுவனத்தில் வெளிநாட்டில் வேலை பார்த்திருக்க வேண்டும். எல்-1பி-யில் அதிகபட்சம் 5 ஆண்டுகள் இருக்கலாம். மேலாளர்களுக்கான எல்-1ஏ என்றால் 7 ஆண்டுகள். இதற்குக் குலுக்கல் கிடையாது. அதனால்தான் கம்பெனிகளுக்கு இது பிடிக்கும்.

2017-ல் வேறொரு கம்பெனி நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டது. "அடுத்த மாதம் வந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவர்களுடைய வக்கீல் சிரித்தார். எல்-1 அந்த நிறுவனத்தோடு கட்டிப்போட்டது. இன்னொரு முதலாளியிடம் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புதிய கம்பெனி எனக்காக எச்-1பி மனு போட வேண்டும். அதற்கோ ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000. 2018 ஏப்ரலில் வந்த மனுக்கள் 1,90,000-க்கும் மேல். குலுக்கலில் என் பெயர் வரவில்லை. 2019-ல் வந்தது. அக்டோபர் 1 முதல் புதிய வேலை என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டும் தாள். அது வாசலில் காட்டுவதற்கு. உள்ளே இருப்பதற்கான உரிமை வேறு. அதை 'ஸ்டேட்டஸ்' என்பார்கள். ஐ-94 என்ற பதிவில் அது இருக்கும். என் கம்பெனி போட்ட மனுவில் இரண்டு வேண்டுகோள்கள் இருந்தன. ஒன்று, இவருக்கு எச்-1பி கொடுங்கள் என்பது. மற்றது, இவர் உள்ளே இருக்கும்போதே எல்-1-லிருந்து எச்-1பி-க்கு மாற்றிவிடுங்கள் என்பது. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்தேன். அந்த ஒரு தவறுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

ஜூலையில் அம்மா போன் செய்தார். சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே அப்பா மயங்கி விழுந்து, தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "ஒரு எட்டு வந்துட்டுப் போயிருய்யா" என்றார் அம்மா. அப்போது என் மனுவுக்குக் கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்திருந்த நேரம். அறையில் இருந்த நண்பர்களிடம் கேட்டேன். "மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் எல்லாம் போச்சு. இரண்டு வருட உழைப்பும் வீண்" என்றார்கள். நான் நம்பினேன். "அம்மா, பத்து நாள் பொறுத்துக்குங்க" என்றேன்.

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் வக்கீலுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். நான் வெளியே போனால் கைவிடப்பட்டதாகக் கருதப்படுவது இரண்டாவது வேண்டுகோள் மட்டும்தான். எச்-1பி மனு உயிரோடு இருக்கும். அது ஏற்கப்பட்டால் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, விசா முத்திரை வாங்கி, செப்டம்பர் கடைசியில் உள்ளே நுழைந்து அக்டோபர் 1-ல் வேலையில் சேரலாம். "இதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவே விமானம் ஏறினேன். மதுரையில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்து முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது. கொள்ளி வைத்தது என் சித்தப்பா மகன்.

பிறகு நடந்ததெல்லாம் வக்கீல் சொன்னபடியே நடந்தது. ஆகஸ்டில் மனு ஏற்கப்பட்டது. செப்டம்பரில் சென்னையில் முத்திரை கிடைத்தது. பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டு, அக்டோபர் 1-ல் புதிய வேலையில் சேர்ந்தேன். எனக்குப் பண நஷ்டம் விமான டிக்கெட்டும் இரண்டு மாதச் சம்பளமும்தான். சட்டம் என்னைத் தடுக்கவில்லை, நண்பர்களே. அறைகுறையாகத் தெரிந்துகொண்டதுதான் தடுத்தது. கருமாதி முடிந்த அன்று அம்மா கேட்டார்: "ஏய்யா, வேற ஜீப்புல ஏறுறதுக்கு இம்புட்டுப் பேருகிட்டயா கேக்கணும்?" "கேக்க வேண்டியவர்கிட்ட கேக்கலம்மா" என்றேன்.

இனி நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை.

ஒன்று: எல்-1-லிருந்து எச்-1பி-க்குப் போவதுதான் கடினம். எச்-1பி-யில் இருப்பவர் இன்னொரு கம்பெனியில் எச்-1பி-யிலேயே சேர்வது எளிது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையான நிலையில் இருப்பவருக்குப் புதிய கம்பெனி மனு தாக்கல் செய்துவிட்டாலே அங்கே வேலை தொடங்கலாம். மறுபடி குலுக்கல் இல்லை.

இரண்டு: எச்-1பி-க்கு மொத்தம் 6 ஆண்டு. அதில் நீங்கள் எல்-1-ல் இருந்த காலமும் கழிந்துவிடும். 6 ஆண்டு புதிதாகக் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். கிடைத்தது இரண்டே சொச்சம். கிரீன் கார்டு மனு உரிய கட்டத்தைத் தாண்டியிருந்தால் நீட்டிப்பு உண்டு. எனக்கு அது இல்லை. 2021 கடைசியில் ஊர் திரும்பினேன். வருத்தமில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருக்க மாட்டேன்.

மூன்று: கல்யாணமானவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். எல்-1காரரின் துணைக்கு எல்-2-ல் வேலை பார்க்க உரிமை உண்டு. எச்-4-க்கு மாறினால் அந்த உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. உங்கள் சம்பளம் கூடி, அவர் வேலை போனால் அது என்ன லாபம்?

நான்கு: வேலை போய்விட்டால் 2017 முதல் 60 நாள் வரை அவகாசம் உண்டு, ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். 2023-ல் பெரிய கம்பெனிகள் ஆட்குறைப்புச் செய்தபோது, என்னுடன் வேலை பார்த்த பலர் அந்த 60 நாட்களை விரல் விட்டு எண்ணினார்கள்.

ஐந்து, மிக முக்கியமானது: என் கதையை அப்படியே பின்பற்றாதீர்கள். 2025 செப்டம்பரில் வந்த ஜனாதிபதி அறிவிப்பு, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. நிலை மாற்றம் முடிவாகும் முன் வெளியேறியவரும் அதில் மாட்டிக்கொள்ளலாம் என்று பின்னர் விளக்கம் வந்தது. 2019-ல் விமான டிக்கெட்டோடு போன விஷயம், அந்த விதியின் கீழ் கம்பெனியே கைவிட்டுவிடும் விஷயம். விதி மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அன்றைக்கு என்ன விதியோ அதை வக்கீலிடம் கேளுங்கள். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல் என்பதையும் மறக்காதீர்கள்.

வளைகுடா போகும் தம்பிகளும் நம்மிடையே உண்டு. அங்கே முதலாளி தடையில்லாச் சான்று தராமல் நகர முடியாது என்ற நிலை பல காலம் இருந்தது. கத்தார் 2020-லும், சவுதி அரேபியா 2021 மார்ச்சிலும் அதைத் தளர்த்தின. ஆனாலும் ஒப்பந்தக் காலம், முன்னறிவிப்பு என்று நிபந்தனைகள் உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கு சவுதியின் அந்தச் சீர்திருத்தம் பொருந்தவில்லை. கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலைக்கான தாளில் சேரும் நாள், சம்பளம் எல்லாம் பார்க்கிறோம். "அவசரம் என்றால் நான் ஊருக்குப் போய் வர முடியுமா?" என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் நம் சங்கத்தின் மூலம் எனக்கு எழுதுங்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்றாவது சொல்வேன்.