பேவர் பிளாக் போடும் முன்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் தோட்டக் குழு சார்பில் ஆற்றிய உரை)



பி பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் மண் தரை முழுக்க பேவர் பிளாக் போடலாமா என்பது இன்றைய தீர்மானங்களில் ஒன்று. மழை பெய்தால் சேறு, நடக்க முடியவில்லை, போட்டுவிட்டால் நாலு கார் நிறுத்தலாம் என்கிறார்கள். மூன்றுமே நியாயமான காரணங்கள்தான். கை தூக்குவதற்கு முன் ஒரு பூங்காவைப் பற்றிச் சொல்ல ஐந்து நிமிடம் கொடுங்கள்.

சிங்கப்பூரில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக காலாங் ஆறு ஒரு காலத்தில் நேர்கோட்டு கான்கிரீட் கால்வாயாக ஓடியது. மழைநீரை வேகமாக வெளியேற்றுவது மட்டும்தான் அதன் வேலை. பூங்கா ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் வேலி. 2012-க்குள் அந்தக் கான்கிரீட்டை உடைத்து எடுத்தார்கள். 2.7 கி.மீ. கால்வாய், பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளியும் 3.2 கி.மீ. ஆறாக மாறியது. கரைகளைச் செடி வேர்களும் கற்களும் பிடித்துக்கொண்டன. சாதாரண நாளில் குழந்தைகள் கரையில் இறங்கி விளையாடுகிறார்கள். கனமழையில் அந்தப் புல்வெளியே ஆற்றுக்கு இடம் விடுகிறது. மக்கள் விலகிக்கொள்ள எச்சரிக்கை விளக்கும் ஒலியும் உண்டு. பின்னாளில் நீர்நாய்களும் அங்கே குடிவந்தன.

உடைத்த கான்கிரீட் பலகைகளைக் குவித்து அதே பூங்காவில் ஒரு சிறு குன்று அமைத்தார்கள். மேலே ஏறினால் ஆறு தெரியும். கழிவு, கலை, பார்வையிடம் மூன்றும் ஒன்றாகிவிட்டன. வெள்ளத் தடுப்பு, அழகு, விளையாட்டு என்று தனித்தனியாகச் செலவு செய்யாமல், ஒரே இடத்தை மூன்றுக்கும் சேர்த்து யோசித்ததுதான் அதன் சிறப்பு.

நம் இடம் சிறியது. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். அந்த மண் தரை ஏறத்தாழ 300 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு 15,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றுக்கும் அதிகம். 2015-இல் வெள்ளத்தையும் 2019-இல் வறட்சியையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தோட்டக் குழுவின் யோசனை இதுதான். நடுவில் அரை அடி ஆழத்துக்குச் சரிவான பள்ளம். அதில் வெட்டிவேர், ஓரத்தில் நொச்சி, நிழலுக்கு இரண்டு புங்க மரம். கால் சேறாகாமல் நடக்க ஒரு பாதை. பழைய கேட் அருகே கிடக்கும் கருங்கல் பலகைகளே பாதைக்கும் திண்ணைக்கும் போதும். எப்படி அடுக்குவது என்று குழந்தைகளையும், மாலையில் அங்கே உட்காரும் பெரியவர்களையும் கேட்டு முடிவு செய்வோம். உட்காருபவர் விரும்பாத தோட்டத்தை யாரும் பராமரிக்கமாட்டார்கள்.

கொசு வருமே என்பீர்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். தண்ணீர் ஓரிரு நாளில் இறங்கிவிட்டால் அதற்கு வாய்ப்பில்லை. இறங்குமா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். ஒரு அடிக் குழி தோண்டி இரண்டு முறை தண்ணீர் நிரப்புவோம். இரண்டாம் முறை நிரப்பியது மறுநாள் காலையிலும் நின்றால், பள்ளம் வேண்டாம், கசிவுநீர்க் கிணறு பற்றிப் பேசுவோம்.

பார்க்கிங் பிரச்சினைக்கு இது பதிலாகாது, ஒப்புக்கொள்கிறேன். நாலு கார் இடம் போகும். ஆனால் ஒரு முறை மூடிய மண்ணைத் திறக்க மறுபடி நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

எனவே தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குழி தோண்டுகிறோம். பேவர் பிளாக் வேண்டும் என்பவர்கள் கட்டாயம் வாருங்கள். முடிவை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.