படம் சரியில்லைன்னு சொன்னா சோர்ந்து போகாதீங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், போட்டோ எடுக்கப் பயிற்சி பெறும் உறுப்பினர்களிடம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நடராசருக்கு உரிய ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை நம்ம குற்றாலத்தில்தான் இருக்கு. அங்கே சாமி சுவரில் தீட்டிய சித்திரமாகவே ஆடுகிறார். படத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர் நம்ம ஊர். அந்த ஊர்ப் பெண்கள் படம் எடுக்கக் கத்துக்கிறது ரொம்பப் பொருத்தம்தான்.

வங்கிக்குக் கொடுக்கும் குழு போட்டோ, காதுகுத்து, வளைகாப்பு, நாம் போடும் ஊறுகாய், வடகத்தை விற்பதற்கான படம் என்று எல்லாத்துக்கும் காசு செலவாகுது. அதில் ஒரு பகுதி நம்ம கைக்கே வரலாம். பீடி சுற்றிப் பழகிய விரல்களுக்கு இந்தப் பொறுமை புதுசு இல்லை.

ஆனால் பாதியில் நின்று போகிறவர்கள், காமிரா புரியாமல் நிற்பதில்லை. யாரோ சொன்ன ஒரு சொல்லைத் தாங்க முடியாமல் நிற்கிறார்கள். அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் குழுச் சகோதரி ஒருவர் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் படம் எடுத்தார். படத்தைப் பார்த்த அந்தப் பெண், "ஏன் மதினி, என்னைய இப்படிக் கறுப்பா எடுத்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்குப் போனை எடுத்து வைத்தவர் இரண்டு வாரம் பயிற்சிப் பக்கமே வரவில்லை.

பிறகு நாம் எல்லோரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். பெண்ணுக்குப் பின்னால் திறந்த சன்னல், அதில் பளீரென்று வெயில். காமிரா மொத்தப் படத்தையும் ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் அதிக வெளிச்சம் இருந்தால் அதைக் குறைக்கும். அப்போது முகமும் சேர்ந்து இருண்டு போகும். இதில் அந்தப் பெண்ணின் நிறத்தில் குறை இல்லை, நம் சகோதரிக்கும் கைராசி இல்லாமல் போகவில்லை. நாற்காலி போட்ட இடம்தான் சரியில்லை. மறுபடி அந்த வீட்டுக்குப் போய், திண்ணையில் முகம் வாசலைப் பார்க்க உட்கார வைத்து எடுத்தார். அதே பெண், அதே நிறம். முகம் தெளிவாக வந்தது. அந்தப் படத்தைத்தான் இப்போது அந்த வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

அடிப்படை ஐந்து

1. முதலில் லென்சைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கையும் சாரல் ஈரமும் பட்டால் படம் மங்கும்.

2. வெளிச்சம் முகத்தில் விழணும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும். சாரல் காலத்து மேகமூட்டம் முகத்துக்கு மிக நல்ல வெளிச்சம். அது நமக்கு இலவசமாகவே கிடைக்குது.

3. ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெரிசாத் தெரியும்.

4. திரையில் முகத்தை விரலால் தொடுங்கள். பல போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தெரியும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும்.

5. தலைக்குப் பின்னால் கொடிக்கயிறு, மின்கம்பம் வராமல் பாருங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி, ஒன்றுக்கு நாலாக எடுங்கள்.

குறை சொன்னால் சலித்துப் பாருங்கள்

மாவைச் சலிக்கிற மாதிரி, சொல்லையும் சலிக்கணும். மூன்று விதமான சொல் வரும்.

முதலாவது, படத்தைப் பற்றிய குறை. "மங்கலா இருக்கு, இருட்டா இருக்கு, கண் மூடியிருக்கு" என்பார்கள். இது காசு கொடுக்காமல் கிடைக்கும் பாடம். பதில் வாதம் வேண்டாம். "எந்த இடம்னு சொல்லுங்க, இன்னொன்னு எடுத்துத் தாரேன்" என்று கேளுங்கள்.

இரண்டாவது, தன் முகத்தைப் பற்றிய வருத்தம். "இது நானே இல்லை" என்பார்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம் இடம் வலம் மாறியது. மூக்குத்தியும் மச்சமும் படத்தில் மறுபக்கம் வரும், அதனால் அந்நியமாகத் தெரியும். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் வெள்ளையாக்கிக் கொடுக்கிறேன் என்று நாமாகப் போய்ச் சொல்ல வேண்டாம். கறுப்பு ஒரு குறை என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அரசு ஆவணங்களுக்கான படத்தில் முகத்தை மாற்றவே கூடாது.

மூன்றாவது, நம்மைப் பற்றிய பேச்சு. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. சலித்த உமி மாதிரி ஊதிவிடுங்கள்.

இப்படிப் பேச்சு கேட்டவர்கள் நாம் மட்டும் இல்லை. கல்கத்தாவில் 1815-ல் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற அம்மாவுக்கு, 48 வயதில், 1863-ல்தான் மகளும் மருமகனும் ஒரு காமிரா பரிசளித்தார்கள். கண்ணாடி வைத்த கோழிக்கூட்டைக் காலி பண்ணி, அதையே படம் எடுக்கும் அறையாக்கினார். படமெல்லாம் மங்கல், வேலை சுத்தமில்லை என்று புகைப்படப் பத்திரிகைகள் குறை சொல்லின. அவர் நிறுத்தவில்லை. 1865-லேயே லண்டன் அருங்காட்சியகம் ஒன்று அவர் படங்களை வாங்கியது. கடைசிக் காலத்தில் இலங்கையில் வாழ்ந்து, அங்குள்ள உழைக்கும் மக்களையும் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமானார். அவர் வசதியான வீட்டு அம்மா, குறையைக் கேட்காமலே இருக்க முடிந்தது. நமக்கு அப்படி இல்லை, காசு கொடுக்கிறவர் சொல்வதைக் கேட்கத்தான் வேணும். ஆனால் விட்டுவிடாமல் தொடர்ந்து எடுப்பதை அவரிடம் கத்துக்கலாம்.

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத்தில் பிறந்தவர். பெண் என்பதால் அவருடைய ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. நாடு விடுதலை பெற்ற நேரத்தை டெல்லியில் சேலை கட்டிக்கொண்டே படம் எடுத்தார். 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அகமதாபாத்தில் சேவா சங்கத்தின் உழைக்கும் பெண்கள் 20 பேர் 1984-ல் வீடியோ எடுக்கப் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்.

ஒரு குறையை மட்டும் சலிக்காமல் அப்படியே ஏற்கணும். "என்னைக் கேட்காம எடுத்துட்டீங்க" என்று யாராவது சொன்னால், மறுபேச்சு இல்லாமல் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் காமிராவைத் திருப்பவே கூடாது. ஒருவர் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. ஒரு பெண்ணின் நம்பிக்கை போனால் நம் தொழிலே போகும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தன் குழுவில் ஒருவரை, சம்மதம் கேட்டு, இரண்டு விதமாக எடுத்து வாருங்கள். ஒன்று சன்னலுக்கு முதுகு காட்டி, மற்றொன்று சன்னலைப் பார்த்து. அவர் சொன்ன குறையையும் நோட்டில் எழுதி வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்தே சலிப்போம்.