எந்திரம் சொல்வதைக் கேளுங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் அகரத்துக்காரன். எங்கள் பக்கம் கிணற்று மோட்டார் சத்தத்தைத் தூரத்தில் இருந்தே கேட்டு, "பேரிங் போச்சுடா" என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் உண்டு. திண்டுக்கல், வேடசந்தூர் மில்களில் பழைய பிட்டர் அண்ணன்மார் ஸ்குரூடிரைவர் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார்கள். அதிர்வு உணரி செய்வதும் அதே வேலைதான். ஆனால் அது எண்ணாகச் சொல்லும். போன மாசம் சொன்னதையும் மறக்காது.

உள்ளே என்னதான் இருக்கிறது? சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் உண்டாகும். 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த உண்மை இது. உணரிக்குள் ஒரு சிறு எடை அந்தப் படிகத்தோடு சேர்ந்திருக்கும். மெஷின் அதிர அதிர எடை படிகத்தை அழுத்தும். அந்த மின்சாரம்தான் நமக்கு வரும் சேதி.

நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார், விநாடிக்கு 24 சுற்று. அதிர்வைப் பிரித்துப் பார்க்கும்போது 24-இல் உயரமாக நின்றால், முதலில் சமநிலைக் குறைவைச் சந்தேகப்படுங்கள். 48-இலும் ஏறினால் கப்ளிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். 24-இன் முழு மடங்காக இல்லாத இடங்களில் தலை தூக்கினால் பேரிங்கைக் கவனியுங்கள். நூற்பாலையின் காற்றாடிகளில் பஞ்சுத் தூசி ஒரு பக்கமாகப் படிந்தாலே சமநிலை கெடும். துடைத்தால் தீரும் விஷயம். விட்டுவிட்டால் பேரிங்கைத் தின்றுவிடும்.

இது செலவுக் கணக்கு மட்டும் இல்லை, நண்பர்களே. 1993 மார்ச் 31 அன்று நரோரா அணுமின் நிலையத்தின் முதல் அலகில், டர்பைனின் இரண்டு பிளேடுகள் உலோகச் சோர்வால் முறிந்தன. சமநிலை போய், கடும் அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து பெருந்தீ மூண்டது. நிலையமே பல மணி நேரம் மின்சாரமில்லாமல் இருந்தது. கதிரியக்கம் வெளியேறாதது நம் பாக்கியம், அங்கே பணியில் இருந்தவர்களின் திறமை.

ரஷ்யாவின் சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் நடந்தது வேறு மாதிரி. 2009 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டாம் எண் டர்பைனின் மூடி பிய்த்துக்கொண்டு போய் 75 பேர் இறந்தார்கள். அனுமதிக்கப்பட்ட அதிர்வு 160 மைக்ரான். விபத்துக்குச் சற்று முன் 840 வரை போயிருந்தது என்கிறது விசாரணை அறிக்கை. எண் கண் முன்னால் இருந்தும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. உணரி சொல்லத்தான் முடியும், நிறுத்த வேண்டியது மனிதன்.

தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். மெஷின் நல்ல நிலையில் இருக்கும்போதே அளந்து குறித்து வையுங்கள். இல்லையென்றால் பின்னால் எதோடு ஒப்பிடுவீர்கள்? ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே மூன்று திசைகளில், அதே லோடில் அளவெடுங்கள். பெயிண்ட் உரியும் மேற்பரப்பில் காந்தத்தை ஒட்டினால் பொய்யான எண் வரும். ஒரு நாள் அளவை விட, அது ஏறுகிற வேகம்தான் முக்கியம்.

எந்த அளவு வந்தால் நிறுத்துவது, யார் நிறுத்துவது என்பதை முதலாளியோடு பேசி முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ராத்திரி ஷிப்டில், புரொடக்‌ஷன் நெருக்கடியில் அதைப் பேச முடியாது. அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் நம் ஊர் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும்தான். அவர்கள் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அதற்குத்தான் நாம் படித்த படிப்பு.