திரும்பி வராத வாளிகள்



தோட்டத்து ஸ்டோரில் காலையில் வாங்கிய வாளி மாலையில் திரும்ப வேண்டும். நாளுக்கு இரண்டு திரும்பாவிட்டால், ஒருநாள் பால் எடுக்க வாளியே இராது அல்லவா? கணினிக்குள்ளும் இதே கதைதான்.

கணினியை நடத்தும் அடிப்படை நிரலின் உட்கருவைக் கெர்னல் என்பார்கள். நினைவகத்தில் இடம் பகிர்ந்தளிப்பது அதன் வேலை. சாதாரண நிரல் ஒன்று இடத்தைத் திருப்பித் தராவிட்டாலும், அது முடிந்ததும் கெர்னல் மீட்டுக்கொள்ளும். கெர்னலே மறந்தால் மீட்பவர் யார்? கணினி மெல்லத் தளர்ந்து, நின்றும் போகலாம். நிறுத்தி மறுபடி இயக்கினால் தெளியும். ஆனால் கசிவு மீண்டும் தொடங்கும்.

1991-இல் தோன்றிய லினக்ஸ் கெர்னலில், 2009-இல் கேமெம்லீக் என்னும் கருவி சேர்க்கப்பட்டது. அதை இயக்கி வைத்தால், வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவும். ஓர் இடத்தின் முகவரி எங்குமே குறிக்கப்படாமல் இருந்தால், பேரேட்டில் பெயரில்லாத வாளியைப்போல் அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். அவ்விடம் எவ்வழியாக வாங்கப்பட்டது என்பதையும் காட்டும். சந்தேகம் தீர்ப்பாகாது, நிரலைப் படித்தே உறுதிசெய்ய வேண்டும்.

வாங்கியதற்குக் கணக்கு வைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஊட்டுவோம். நாளை இக்கசிவுகளை அடைப்பவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.