"தனியார் பள்ளியில் சேர்க்கிறோம்" என்று பெற்றோர் சொல்லும்போது

(திருத்தணி வட்டார ஆசிரியர்களிடையே சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா வந்து, "டி.சி. கொடுத்துடுங்க சார், பிரைவேட்ல சேர்த்துக்கிறோம்" என்று கேட்கிறார். நாமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஏன் போகிறார்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வீடுகளுக்குப் போகும்போது பெற்றோர் என்னிடம் சொல்லும் காரணங்களில் மூன்று திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது பாதுகாப்பு. இந்தப் பிள்ளைகளில் பலர் யாரிடமும் சொல்லாமல் வகுப்பைவிட்டு வெளியே போய்விடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, பேருந்தும் லாரியும் ஓடும் திருப்பதி சாலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? தனியார் பள்ளியில் பூட்டிய கேட்டும் காவலாளியும் இருப்பதைப் பார்த்ததும் அந்தத் தாய்க்கு மூச்சு வருகிறது.

இரண்டாவது, "காசு கட்டினால் கேள்வி கேட்கலாம்" என்ற நம்பிக்கை. மூன்றாவது ஆங்கிலம்.

அங்கே போனபின் நடப்பது எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. பொறுமையான ஓர் ஆசிரியை அமைந்து, நன்றாகத் தேறிய பிள்ளைகள் உண்டு. ஆனால், "கூடவே உட்கார ஓர் ஆளை நீங்களே சம்பளம் கொடுத்து வையுங்கள்", "மத்தியானத்துக்குமேல் அழைத்துப் போய்விடுங்கள்" என்று கேட்டு, ஓரிரு ஆண்டுகளில் நம்மிடமே திரும்பி வருபவர்களும் உண்டு. அப்போது பிள்ளைக்குப் பள்ளி என்றாலே பயம். பெற்றோர் கையில் காசும் கரைந்திருக்கும். அந்த நேரத்தில் நாம் "அங்கேயே முடியலைன்னா இங்க மட்டும் எப்படி?" என்று கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளை வீட்டோடு நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோரைவிட முன்னதாக நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் மாற்றுத்திறன் பிள்ளைகளை 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்' சேர்த்திருக்கிறது. ஆகவே தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டு இடங்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தனியார் பள்ளிதான் வேண்டும் என்று முடிவு செய்தவரிடம் இதையாவது நாம் சொல்லி அனுப்பலாம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் வீடுகள் இருக்கின்றன.

மொழி நம் ஊருக்கே உரிய சிக்கல். 1960-இல்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. இன்றும் பல வீடுகளில் தெலுங்கு, தெருவில் தமிழ். பிள்ளை பேசத் தாமதமானால், "இத்தனை மொழியால்தான் குழப்பம், இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அம்மா தனக்கு வராத ஆங்கிலத்தில் நாலு சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார். ஆங்கிலம் தெரியாத பாட்டி பேரனோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். வீட்டில் இரண்டு மொழி இருப்பது ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. வீட்டில் இயல்பாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். தெலுங்கு வீட்டில் பிறந்து இங்கே பள்ளியில் பயின்ற ராதாகிருஷ்ணனின் ஊரில் இதைச் சொல்ல நமக்கென்ன தயக்கம்?

நம்மால் முடிந்தது என்ன? 2021-இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. என்னைப் போன்றவர்கள் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறோம். மீதி நாள்கள் எல்லாம் உங்கள் கையில்தான் பிள்ளை. அதனால் சின்னச் சின்ன ஏற்பாடுகளைச் சொல்கிறேன். வாசலிலிருந்து தள்ளி, சுவரோரம் இடம் கொடுங்கள். அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து வரிசையாக ஒட்டுங்கள். மணி அடிக்கும் முன் சைகை காட்டுங்கள். ஆடிக் கிருத்திகை நாள்களில் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டால், அடம் என்று நினைக்காமல் அமைதியான ஓர் அறையில் சற்றுநேரம் விடுங்கள். பிள்ளை வெளியே போகக்கூடியது என்றால் சத்துணவு அமைப்பாளர் உட்பட எல்லோருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

சிகிச்சைப் பயிற்சிக்காக மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு நாளையே இழக்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நாளை 'விடுப்பு' என்று கடிந்துகொள்ளாமல், அங்கே என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டு, அதையே வகுப்பிலும் செய்து பாருங்கள்.

எந்தப் பள்ளி என்று முடிவு செய்வது பெற்றோரின் உரிமை. வேறு வழியில்லாமல் நம்மைவிட்டுப் போகிற நிலை மட்டும் வரக்கூடாது. அடுத்த முறை யாராவது டி.சி. கேட்டு வந்தால், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, "எதுக்குப் பயப்படுறீங்கம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் பெரும்பாலும் நம்மால் செய்யக்கூடிய ஒன்றாகவே இருக்கும்.