பிடிலோடு வந்த மெட்டு



கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் நாதசுவரமும் தவிலும் இல்லாமல் திருவிழா ஏது? நாதசுவரக்காரர் கீர்த்தனைகளை வாசித்து முடித்துவிட்டு, துள்ளலான மெட்டு ஒன்றை எடுத்து விடுவதுண்டு. பிள்ளைகள் உடனே தாளம் தட்டுவார்கள். அதற்குப் பெயர் ‘இங்கிலீஷ் நோட்டு’. சாமி ஊர்வலத்தில் துரைமார் பாட்டுக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இங்கிலாந்தில் ஹார்ன்பைப் என்று ஓர் ஆட்டம் உண்டு. முனையில் மாட்டுக் கொம்பு பொருத்திய குழலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். குழலின் பெயர் ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டத்தின் மெட்டு பிடிலுக்கு வந்தது. 1717இல் ஹாண்டல் எழுதிய ஹார்ன்பைப் மூன்று எண்ணிக்கைத் தாளம். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நான்கு எண்ணிக்கையாகி, கப்பல்காரர் ஆட்டமாக நாடக மேடை ஏறியது. பல மெட்டுகளில் பகுதி முடியும்போது ‘தம், தம், தம்’ என்று மூன்று அடி விழும். நம் தவில்காரர் மும்முறை அடித்துத் தீர்மானம் வைப்பது நினைவுக்கு வரும். ஆனால், இரண்டுக்கும் உறவில்லை.

இத்தகைய ஆட்ட மெட்டுகளை வாசித்த அதே பிடில்தான் வெள்ளைக்காரரோடு சென்னைக்கும் வந்தது. அங்கே மணலி முதலியார் ஆதரவில் இருந்த பாலுசுவாமி தீட்சிதர், ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். அவருடைய தமையனார்தான் முத்துசுவாமி தீட்சிதர். 1835இல் மறைந்த அந்த மேதை, கோட்டை பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகள் போன்றவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் அமைத்தார். சுமார் நாற்பது பாடல்கள். ‘நோட்டு சுவரம்’ என்பார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற பாடலின் மெட்டு எது தெரியுமா? 1957க்கு முன் நம் பெரியவர்கள் எழுந்து நின்று கேட்ட பிரிட்டிஷ் அரச கீதம்தான்! மன்னரை வாழ்த்திய மெட்டு அம்பாளைப் பாடியது.

கருவியையும் நம்மவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. வெள்ளைக்காரர் நின்று, தாடையில் அணைத்து வாசித்தார். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் தலையைக் கால்மேல் ஊன்றிக்கொண்டார். நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்த்தார். இடது கை பிடிலைத் தாங்க வேண்டியதில்லை. விரல்கள் தாராளமாக வழுக்கி ஓடி, கமகம் பிறந்தது.

நோட்டில் மட்டும் அந்தக் கமகம் கிடையாது. சுரங்கள் படிக்கட்டுபோல் நேராக ஏறி இறங்கும். அடுத்த திருவிழாவில் நாதசுவரக்காரர் நோட்டு எடுக்கும்போது கவனித்துக் கேளுங்கள், தெரியும்.