ஒட்டாவா கால்வாய் உறையுமா?

கரிக்கலாம்பாக்கத்துல இருந்து பேசுறேன். பனிக்காலத்துல கனடா சுத்திப் பார்க்கப் போறவங்க லிஸ்ட்ல ஒண்ணு கண்டிப்பா இருக்கும்: ஒட்டாவாவோட ரிடோ கால்வாய். 1832இல் படகுப் போக்குவரத்துக்காகத் திறந்தது. 1971 ஜனவரியில இருந்து குளிர்காலத்துல 7.8 கிலோமீட்டருக்கு ஸ்கேட்டிங் பாதை. சிலர் சறுக்கிக்கிட்டே ஆபீஸ் போவாங்க!

ஆனா பாதையைத் திறக்க ஐஸ் சுமார் 30 சென்டிமீட்டர் கனம் இருக்கணும். அதுக்கு மைனஸ் 10க்குக் கீழே தொடர்ந்து பல நாள் குளிரணும். பனி கொட்டினாலும் சிக்கல்தான்; அது கம்பளி மாதிரி மூடிக்கிட்டு, கீழே தண்ணி உறையறதைத் தாமதமாக்கும். 2022–23 குளிர்காலத்துல, முதல்முறையா, பாதை ஒரு நாள்கூடத் திறக்கல.

ஐப்பசியில பாகூர் ஏரி ரொம்புமான்னு நாம பார்த்துக்கிட்டு இருப்போமே, அதே கவலை அங்கே ஐஸுக்கு.

அதனால கிறிஸ்துமஸ் லீவை நம்பாதீங்க. பிப்ரவரிக்குத் திட்டம் போடுங்க. வின்டர்லூட் பனி விழாவும் அப்பதான். பாதை திறக்கலைன்னாலும், ரெண்டு மணி நேரத்துல மான்ட்ரியல் போயிடலாம். அங்கே தரைக்கடியிலேயே கடை கடையா நடக்கலாம். நம்ம புதுச்சேரி தெருப் பலகையில படிச்ச பிரெஞ்சை அங்கே காதால கேட்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!